மாடி அக்காவும் மூடாத மைக்கும்

அந்த இரும்பு வார்ப்பாலையில் மாடி என்று எதுவும் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே நீளமாக இரண்டு தண்டவாளம், அதில் நகரும் கிரேன், கிரேனின் ஓரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு, அவ்வளவுதான். அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவளுக்கு மாடி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வீட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆலைக்குள் அது செல்லாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கீழே மண் அள்ளிக்கொண்டிருந்தாள். பழைய கிரேன்காரர் ஓய்வு பெற்றபோது அந்தக் கூண்டில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. ஏணி செங்குத்து, உலையின் சூடெல்லாம் நேராக அங்கேதான் ஏறும், ஷிப்ட் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டும். மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று தலைசுற்றல் வந்துவிட்டது. ஒருவர், "எங்க வீட்ல வேணாங்கறாங்க" என்றார், அதுவரை வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு நடந்தவர் போல. "நான் ஏறட்டுமா?" என்று இவள் கேட்டபோது சிரித்தார்கள். ஏறிக் காட்டினாள். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், இரண்டாம் தடவை பாஸானாள். அன்றிலிருந்து அந்தக் கூண்டு அவளுடையது. சொந்தமாகக் கட்டிய வீட்டைக்கூட அவ்வளவு ஆசையாக யாரும் துடைத்து வைக்க மாட்டார்கள்.

மேலே போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. உயரம் பழகிவிடுகிறது, சூடும் பழகிவிடுகிறது. பேச ஆளில்லாமல் இருப்பதுதான் பழகமாட்டேன் என்கிறது.

ஆலையில் சத்தம் அப்படி. ஒரு பக்கம் இரும்பை உருக்கும் உலை உறுமும். இன்னொரு பக்கம், வார்த்த பொருளை மண்ணிலிருந்து உதறிப் பிரிக்கும் அதிர்மேடை நிற்கிறவர்களின் பல்லையெல்லாம் ஆட்டிவைக்கும். பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். எனவே அங்கே எல்லாப் பேச்சும் கையால்தான். கொக்கி மாட்டுகிறவர் கீழே நின்று கட்டைவிரலைத் தாழ்த்தினால் இறக்க வேண்டும், முஷ்டியைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். மாடி அக்காவின் வேலை அந்தக் கைகளைப் பார்ப்பது. கை பேசும்போது வாய் சும்மாதானே இருக்கிறது? அவள் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

முதலில் முணுமுணுப்பு. பிறகு வாய்விட்டு. பிறகு ஷிப்ட் தொடங்கி முடியும்வரை ஓயாத நேரடி வர்ணனை. மேலிருந்து பார்த்தால் எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட்தான், முகம் தெரியாது. நடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டாள், நடைக்கேற்ற பெயரையும் வைத்தாள். கொக்கி மாட்டுகிறவர் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பார், அவர் வாத்து. இரும்பை ஊற்றும் மண் அச்சுகளைச் செய்கிற பெண் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுவாள், அவள் பம்பரம். உலையைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவருக்கு இடது முழங்காலில் ஏதோ கோளாறு, அவர் முட்டி. கசங்காத சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டுமாக வரும் மேனேஜர், இஸ்திரிப் பெட்டி. "வாத்து, கொஞ்சம் தள்ளு, பெட்டி வருது பாரு. ஆங், சமத்து. அய்யோ பம்பரம், நீ சுத்தறதப் பாத்தா எனக்கே கிறுகிறுன்னு வருது" என்று பேசிக்கொண்டே டன் கணக்கான இரும்பைப் பூ மாதிரி இறக்கி வைப்பாள். யாருக்கும் கேட்காது என்கிற தைரியம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவள் ஊமை. பேச வேண்டியதையெல்லாம் மேலேயே பேசித் தீர்த்துவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்தால் "ம்", "சரி", "பாக்கலாம்" என்பதற்கு மேல் வராது. மாமியாருக்கு அதில் ஏகப் பெருமை. அக்கம்பக்கத்தில், "எங்க மருமக வாயே திறக்க மாட்டா, தங்கம்" என்று சொல்லிச் சொல்லி மற்ற மருமகள்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். பஸ் ஓட்டும் கணவனுக்கும் நாளெல்லாம் ஹாரனைக் கேட்டுவிட்டு வருவதால் இந்த அமைதி பிடித்திருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆலைக்குப் புதிய ஹெட்செட் வந்தது. காதை முழுக்க மூடும் இரண்டு கிண்ணம், அதிலிருந்து வாய்வரை நீளும் கம்பி, கம்பி நுனியில் பஞ்சு சுற்றிய சின்ன மைக். ஹெல்மெட்டோடு மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் அடங்கிவிடும், ஒருவர் பேசுவது மற்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். கம்பெனி ஆள் கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். மாடி அக்கா அப்போது மேலே அச்சுப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடையதை ஒரு பையில் போட்டு ஏணி வழியாக அனுப்பினார்கள், விளக்கத்தை அனுப்ப மறந்துவிட்டார்கள்.

மாட்டிக்கொண்டாள். ஓரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. வாசலில் காவலுக்கு நிற்பவர் வாக்கிடாக்கியில் பொத்தானை அழுத்திப் பேசுவதைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா, இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினாள். அழுத்தினால்தானே கேட்கும்? அழுத்தாமல் இருந்தால் வம்பில்லை. உண்மையில் அந்தப் பொத்தான் காதில் விழும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. மைக்கோ, வாயைத் திறந்த மாத்திரத்தில் தானாகவே திறந்துகொள்கிற ஜாதி. அது மட்டுமில்லை, ஒரு மைக் திறந்திருக்கும்வரை மற்றவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். எச்சரிக்கலாம் என்று கீழே நாலு பேர் முயன்றும் ஒரு சொல் மேலே போகவில்லை. கையை ஆட்டிக் காட்டினார்கள். அவளும் பதிலுக்குக் கையாட்டினாள்.

"என்ன இது, பொம்மை மாதிரி மாட்டிவிட்டுட்டாங்க, ஒரு சத்தமும் வரல, தண்டம்" என்று ஆரம்பித்து அன்று காலை முழுக்க ஆலையே கேட்டது. வாத்து வருவது, பம்பரம் சுற்றுவது, மாமியார் டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவது, எல்லாம். "அதோ இஸ்திரிப் பெட்டி வந்தாச்சு. மண்ணுல கால் படாம எப்படி வருதுன்னு பாரு. குனிஞ்சா சட்டை கசங்கிடும்னு கீழ விழுந்த பேனாவக்கூட எடுக்க மாட்டாரு" என்றபோது மேனேஜர் நிஜமாகவே குனிந்துகொண்டிருந்தார், பாதியில் நின்றுவிட்டார். அதுவரை சிரிப்பை அடக்கி வைத்திருந்தவர்கள் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "முட்டி இன்னைக்கும் காலை இழுக்குது. ஆள் பாக்கறப்ப நேரா நடப்பாரு, யாரும் இல்லன்னா தூணைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. யாரை ஏமாத்தறாரு? உலை மேடையில ஏறும்போது ஒருநாள் கால் மடங்கப் போகுது, அன்னைக்குத் தெரியும்" என்றும் சொல்லிவிட்டாள். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தேநீர் நேரத்தில் கீழே இறங்கினாள். கொக்கி மாட்டுகிறவர் வேண்டுமென்றே இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்து, "வாத்து வணக்கம் சொல்லுதுக்கா" என்றார். மாடி அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அடுத்து அச்சு செய்கிற பெண் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். புரிந்துவிட்டது.  நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்று நினைத்தாள்.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பேர் வெச்சதை விடுங்க. ஆனா உங்க வாய் திறந்திருந்தா இங்க மத்த எல்லார் வாயும் மூடியிருக்கு. காலையில கீழ எவனாவது 'காப்பாத்துங்க'ன்னு கத்தியிருந்தா யாருக்குக் கேட்டிருக்கும்?"

 மனிதர் சொல்வது நியாயம், அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"மேலே, கீழே, இடது, வலது, நில், சரி. ஆறு சொல். வார முடிவு வரைக்கும் இதுக்கு மேல ஒண்ணு பேசினாலும் ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க, கிரேனுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஸ்டோர் ரூம் என்றால் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொடுக்கும் ஜன்னல் இல்லாத அறை. அவளுக்குக் கூண்டு போனால் எல்லாம் போனது போலத்தான்.

முட்டி என்ற உலைக்கார அண்ணனை அன்றே டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி கொஞ்ச காலம் மேடை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பழைய இரும்பை எடைபோடும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். வாலிப வயதிலிருந்து நெருப்போடு நின்றவர். மாடி அக்கா மறுநாள் அங்கே போனாள்.

"அண்ணே, நான் வேணும்னு சொல்லல..."

அவர் தராசின் முள்ளைப் பார்த்தபடியே, "மேல உக்காந்துக்கிட்டு மனுஷங்கள எறும்பாட்டம் பாக்கறவங்க கிட்ட எனக்கென்ன பேச்சு?" என்றார்.

அவள் திரும்பி வந்து ஏணியில் ஏறினாள்.

வாயைக் கட்டினாள். ஆறு சொல்தான். முதல் நாள் தொண்டை அரித்தது. இரண்டாம் நாள் கைகளும் ஒத்துழைக்க மறுத்தன. பேசும்போதுதான் அவள் கண் எல்லோரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது; பேச்சு நின்றதும் பார்வையும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சுமை ஆடியது, இறக்கும்போது இடித்தது. "என்னக்கா, கிரேனுக்கு விக்கலா?" என்று கொக்கி மாட்டுகிறவர் கேட்டார். "சரி" என்றாள். வேறென்ன சொல்வது? ஆறில் அதுதான் கொஞ்சமாவது பொருந்தியது.

மேலே அடைத்து வைத்தது வீட்டில் உடைத்துக்கொண்டது. கதவைத் திறக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். செருப்பைக் கழற்றும்போது பேச்சு, பாத்திரம் கழுவும்போது பேச்சு, மகளுக்குத் தலை பின்னும்போது பேச்சு. கணவன் சட்டையைக் கழற்றுவதற்குள், "ஏங்க, நீங்க உள்ள வரும்போது பஸ்ஸத் திருப்பற மாதிரியே திரும்பறீங்க" என்று வர்ணனை. அவன் பாதி கழற்றிய சட்டையோடு நின்றான். மாமியார் ரிமோட்டை எடுத்தால் அதற்கும் வர்ணனை. மகளுக்குக் கொண்டாட்டம், மாமியார் மட்டும் மகனைத் தனியாக அழைத்து, "ஏண்டா, உன் பொண்டாட்டிக்கு எதாவது ஆயிடுச்சா? இத்தனை நாளா நல்லாத்தானே இருந்தா?" என்று கவலையோடு விசாரித்தாள். பக்கத்து வீட்டில் பெருமை பேசப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

வாரத்தின் கடைசி நாள் வந்தது. இன்னும் அரை ஷிப்ட் கடந்தால் கூண்டு மிஞ்சும். மேனேஜர் ஹெட்செட் பரிசோதனை எப்படிப் போகிறது என்று பார்க்கத் தானே ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

மண் அச்சை இறுக வைக்க அங்கே ஒரு வாயுவைச் செலுத்துவார்கள். பெரிய தொட்டியில் இருந்து குழாய் வழியாக வரும். குளிர்ந்த வாயு, காற்றைவிடக் கனமானது. மூச்சில் அதிகம் போனால் ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று படாரென்று பிய்த்துக்கொண்டது. வெள்ளைப் புகை தரையோடு பரவி, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி, கீழே இருந்தவர்களைக் கண்வரை மூடிவிட்டது. யாருக்கும் தன் கையே தெரியவில்லை. ஹெட்செட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒருவர் கத்தல் இன்னொருவர் கத்தலை அடைத்து, கரகரவென்று இரைச்சல்தான் வந்தது.

மேலே மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைக்கு மேலே மஞ்சள் ஹெல்மெட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்று இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போனது. வெள்ளை ஹெல்மெட் ஒன்று நேராக, பெரிய அச்சுகளை இறக்கிவைக்கும் அச்சுக்குழிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குழி தாழ்வான இடம், அந்த வாயு முழுக்கப் போய்த் தேங்குவது அங்கேதான்.

ஆறு சொல்லில் இதை எப்படிச் சொல்வது? 'இடது' என்றால் யாருக்கு இடது? 'நில்' என்றால் எல்லோருமல்லவா நின்றுவிடுவார்கள்? ஒரு கணம் ஸ்டோர் ரூமின் கதவு கண்முன் வந்தது. கொக்கியில் தொங்கிய பெட்டியை உயரத் தூக்கி நிறுத்தினாள். சுவிட்சைப் போட்டு கிரேனின் அபாயச் சங்கை நீளமாக ஊதினாள். கீழே இரைச்சல் ஒரு மூச்சு அடங்கியது. அந்த இடைவெளியில் வாயைத் திறந்தாள்.

"யாரும் பேசாதீங்க! நான் பாக்கறேன், நான் சொல்றேன். இஸ்திரிப் பெட்டி, நில்லு! அங்க போகாத, அது குழி! அப்படியே திரும்பு. இன்னும். ஆங், இப்ப நேரா நட, சங்குச் சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நட."

வெள்ளை ஹெல்மெட் நின்றது, திரும்பியது, சொன்னபடி நடந்தது. அந்த ஆலையில் மேனேஜரை யாரும் ஒருமையில் அழைத்ததில்லை. அவரும் யார் சொல்லுக்கும் அவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்ததில்லை.

"வாத்து, உன் முன்னாடி தூண் இருக்கு, அதை வலது கையால தொட்டுட்டு நேரா போ, பெரிய கதவு. தாண்டிட்டியா? சொல்லு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மூடினால்தானே அவர் பேச வழி கிடைக்கும்? "தாண்டிட்டேன்க்கா, வெளிய வந்துட்டேன்" என்று குரல் வந்தது. ஒவ்வொருவராக அழைத்தாள், வழி சொன்னாள், வாயை மூடினாள், கேட்டாள். பெயர் பிடிக்காதவர்கள்கூட அன்று பெயருக்குத் திரும்பினார்கள். யாரைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"பம்பரம், நீ எங்க? பம்பரம்?"

பதில் இல்லை. சற்று முன் வட்டமிட்டுக்கொண்டிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் காணவில்லை. அச்சு மேஜையின் ஓரத்தில் வெள்ளை மட்டும் நெளிந்தது. அவள் கீழே விழுந்துவிட்டாள். அந்த மேஜைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது எடைத் தராசு. மாடி அக்கா தராசுப் பக்கம் பார்த்தாள், அங்கே ஒரு மஞ்சள் ஹெல்மெட் அசையாமல் நின்றது.

"முட்டி அண்ணே... உலைக்கார அண்ணே, கேக்குதா?"

கொஞ்சம் கரகரப்பு. பிறகு, அந்த வாரம் முழுக்க அவளிடம் பேசாத குரல்.

"முட்டி பேசறேன். சொல்லும்மா."

"மூச்சை அடக்கிக்கங்க. வலது பக்கம் திரும்புங்க. நேரா. மேஜை தட்டும். தட்டிடுச்சா? அதைச் சுத்தி இடது பக்கம் போங்க. இப்ப குனிங்க, கைக்குக் கிட்டத்தான் கிடக்கறா."

ஒரு மஞ்சள் ஹெல்மெட் வெள்ளைக்குள் மூழ்கியது. மாடி அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.  வெகுநேரம் ஆனது போல இருந்தது. பிறகு ஹெல்மெட் எழுந்தது, ஒரு பக்கம் சாய்ந்து, இழுத்து இழுத்து, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. "தூண் உங்க இடது பக்கம், உரசாம வாங்க. இன்னும் கொஞ்சம்ணே. அவ்வளவுதான். அவ்வளவுதான்." கதவுக்கு வெளியே நான்கு கைகள் அவர் சுமந்து வந்த பம்பரத்தை வாங்கிக்கொண்டன. அவள் இருமுவது மைக்கில் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை மாடி அக்கா அந்த ஆலையில் கேட்டதில்லை.

தொட்டியின் வால்வை மூடினார்கள், விசிறிகள் வெள்ளையைத் துரத்தின. கொஞ்ச நேரத்தில் தரை தெரிந்தது, டாக்டரோடு ஆம்புலன்ஸும் வந்து நின்றது. அப்போது ஹெட்செட்டில் மேனேஜரின் குரல் வந்தது.

"கிரேன், கீழ இறங்கி வாங்க."

"வர மாட்டேன் சார்."

"என்னது?"

"இறங்கினா ஸ்டோர் ரூம்தானே. நான் இங்கயே இருக்கேன். சாப்பாட்ட ஏணியில அனுப்பிடுங்க."

எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் மேனேஜரைத்தான் பார்த்தார்கள். அவர் சட்டையில் கரியும் மண்ணும் அப்பியிருந்தது, அதன் ஒரு கை கிழிந்திருந்தது.

"இன்னைக்கு ஆறு சொல்லுக்கு மேல பேசிட்டீங்க" என்றார்.

"ஆமா சார்."

"எத்தனைன்னு எண்ணல. எண்ணவும் போறதில்ல. கூண்டு உங்களோடதுதான். பேசுங்க. ஆனா பேசிட்டு நிறுத்துங்க, இன்னைக்கு நிறுத்தினீங்களே, அந்த மாதிரி." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப டாக்டர் எல்லாரையும் பாக்கணுங்கறாரு. இறங்கி வாங்கம்மா" என்றார்.

இறங்கினாள். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே கூட்டமாக நின்றிருந்தார்கள், எல்லோர் முகத்திலும் கரி. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் அவளை நோக்கி வந்தார். நடையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்தது. இடது காலை வெளிப்படையாக இழுத்துக்கொண்டு, டாக்டர் பார்க்க, மேனேஜர் பார்க்க, ஆலையே பார்க்க நடந்து வந்தார். பக்கத்தில் தூண் இருந்தும் அதைத் தொடவில்லை.

மாடி அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்த் தோளைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார், முழுப் பாரத்தையும் அவள் மேல் போட்டார். ஆம்புலன்ஸ் நின்ற இடம் கொஞ்சம் தூரம். நாலடி போனதும் அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ரொம்ப வலிக்குதாண்ணே?"

"வலிக்கத்தான் செய்யுது. நீ ஏம்மா பேசாம வர்ற? எதையாவது பேசிக்கிட்டே வா. வலி தெரியாது."